இன்டர்லூக்கின்-2 மரபணு எந்தக் குரோமோசோமில்? தேடிப் பார்க்கும் முறை

விடை தெரிந்த மரபணுவில் கை பழகுவதுதான் நல்லது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் கொடுப்பது இன்டர்லூக்கின்-2. டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பெருகுவதற்காகத் தாங்களே சுரக்கும் புரதம் அது. அதன் மரபணு 4ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 4கியூ27 பட்டையில் இருக்கிறது. ‘கியூ’ என்றால் நீண்ட கை; 27 என்பது சாயமிட்ட குரோமோசோமில் தெரியும் பட்டையின் எண்.

முதலில் குரோமோசோம் எண். மனிதச் செல்லையும் வெள்ளெலிச் செல்லையும் இணைத்து உருவாக்கிய கலப்புச் செல்கள் வேண்டும். வளர வளர அவை மனிதக் குரோமோசோம்களை இழக்கும்; ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு சில மட்டும் மிஞ்சும். எல்லாவற்றிலும் இந்த மரபணுவுக்குப் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கும் முறை) செய்யுங்கள். விளைவு வந்த செல்களில் எல்லாம் இருந்து, வராதவற்றில் இல்லாமல் போன குரோமோசோம் எது என்று அட்டவணை போட்டால் 4 மட்டும் நிற்க வேண்டும். பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) இன்ட்ரானில், அதாவது மரபணுவுக்குள் புரதமாக மாறாத பகுதியில், வையுங்கள். புரதத்துக்கான பகுதியில் வைத்தால் வெள்ளெலியின் மரபணுவும் பெருகிவிடக்கூடும். வெறும் வெள்ளெலி டிஎன்ஏவையும் ஒரு குழாயில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் பட்டை. இதற்கு ஃபிஷ்: ஒளிரும் டிஎன்ஏ துண்டைக் குரோமோசோமில் ஒட்டவைத்து இடம் காணும் முறை. ரத்தத்தில் பிஎச்ஏ (டி செல்களைப் பிரியத் தூண்டும் அவரைப் புரதம்) சேர்த்து 72 மணி நேரம் வளர்க்க வேண்டும். பிஎச்ஏ தூண்டியதும் டி செல்கள் சுரப்பது இதே இன்டர்லூக்கின்-2தான். அந்த மரபணு வேலை செய்ததால் பெருகிய செல்லிலேயே அதன் இடத்தைத் தேடுகிறோம். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது அலுக்கவில்லை.

கோல்செமிட் என்ற மருந்து போட்டு, குரோமோசோம்கள் சுருங்கித் தெளிவாகத் தெரியும் மெட்டாஃபேஸ் கட்டத்தில் செல் பிரிவை நிறுத்தி, பொட்டாசியம் குளோரைடில் செல்லை உப்பவைத்து, மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலவையில் நிலைப்படுத்தி, ஸ்லைடில் சொட்டுங்கள். ப்ரோபுக்கு (அந்த ஒளிரும் துண்டுக்கு) மரபணு அடங்கிய பேக் குளோன், அதாவது பாக்டீரியாவில் வளர்த்த நீளமான மனித டிஎன்ஏ துண்டு, எடுங்கள். ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த சிறிய சிடிஎன்ஏவின் ஒளி மங்கலாக இருக்கும். திரும்பத் திரும்ப வரும் தொடர்களை மறைக்கும் காட்-1 டிஎன்ஏ சேர்க்காவிட்டால் அந்தத் தொடர்களில் ப்ரோப் ஒட்டிக்கொண்டு ஸ்லைடு முழுக்க மினுங்கும். 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துக் கழுவி, குரோமோசோமை நீலமாகக் காட்டும் டாபி சாயத்தோடு பாருங்கள். இரண்டு குரோமாடிட்களிலும் (ஒரு குரோமோசோமின் இரண்டு நகல் இழைகளிலும்) அருகருகே புள்ளி இருந்தால்தான் நான் கணக்கில் சேர்ப்பேன்.

கடைசியாக, மனித டிஎன்ஏ வரைபடத்தைக் காட்டும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரௌசர் இணையதளத்தில் பிளாட் தேடல்: டிஎன்ஏ தொடரைக் கொடுத்தால் அதன் இடத்தைச் சொல்லும். வரைபடத்தின் எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்: எச்ஜி19 பதிப்பில் சுமார் 12.34 கோடியாவது எழுத்தில் இருக்கும் இந்த மரபணு, புதிய எச்ஜி38இல் சுமார் 12.25 கோடியாவது எழுத்தில் வரும். பக்கத்திலேயே, இரண்டு லட்சம் எழுத்துகளுக்குள், இன்டர்லூக்கின்-21 மரபணு இருப்பதும் தெரியும். இந்த இரண்டையும் மெட்டாஃபேஸ் ஃபிஷ் பிரித்துக் காட்டாது. எனவே ஃபிஷ் முடிவை எழுதும்போது 4கியூ27 என்பதோடு நிறுத்துங்கள்.