தோள்மூட்டுத் திசுவில் ஒளிந்திருக்கும் கிருமி: மாதிரி எடுப்பதும் வளர்த்துப் பார்ப்பதும்

செயற்கைத் தோள்மூட்டு வைத்தவருக்கு வலியும் இறுக்கமும் விடவில்லை. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் சோதனைகள் இரண்டும் அளவுக்குள். இதை மட்டும் நம்பித் தொற்று இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். தோளில் அடிக்கடி சிக்குவது கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்ற தோல் பாக்டீரியா; 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் என்று அழைக்கப்பட்டது. இது எண்ணெய்ச் சுரப்பிகளின் ஆழத்தில் வாழ்வதால், மேலே பூசும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் முழுதாக எட்டாது. தோலை வெட்டும்போதே காயத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே வளர்ந்தது நோய்க்கிருமியா, தோலிலிருந்து ஒட்டிவந்ததா என்பதே கடைசிவரை கேள்வி.

நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் மாதிரி எடுக்கும் அறுவைக்கு 2 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். குறைந்தது 5 ஆழ்திசுத் துண்டுகள் வேண்டும்: மூட்டு உறை, புயவெலும்பின் உட்குழல், செயற்கை உறுப்புக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள சவ்வு ஆகிய இடங்களிலிருந்து. ஒவ்வொரு துண்டுக்கும் புதிய கத்தி, புதிய இடுக்கி, தனி டப்பா. தோலைத் தொட்ட கருவி உள்ளே போகக்கூடாது. சுவாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுப்பது) வேண்டாம், அதில் ஏறும் கிருமி மிகக் குறைவு. டப்பாவில் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (வளர்த்துப் பார்ப்பது) செய்ய எதுவும் மிஞ்சாது. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் திசுநோயியலுக்குப் பக்கத்துத் துண்டைத் தனியாக ஃபார்மலினில் அனுப்புங்கள். கூடவே, தியேட்டரில் பிரித்த ஸ்டெரைல் காஸ் துண்டு ஒன்றையும் டப்பாவில் போட்டு அனுப்பினால், மாசு எவ்வளவு கலக்கிறது என்று தெரியும்.

ஆய்வகத்தில் எல்லா வேலையும் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள். திசுவை ஸ்டெரைல் கண்ணாடி மணிகளுடன் மூடிய குப்பியில் குலுக்கிக் கரையுங்கள். உரலில் அரைத்தால் கைபடும் இடங்கள் கூடும். பிறகு கிருமி வளர்க்கும் ஊடகங்களில் இடுங்கள்: பிளட் அகர், சாக்லேட் அகர் தட்டுகள், ஆக்சிஜன் இல்லாச் சூழலில் இன்னொரு பிளட் அகர், தயோகிளைகோலேட் குழம்பு, எல்லாம் 35–37 டிகிரியில். திசுவை நேரடியாகக் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனால் மனம் தளரவேண்டாம்.

வழக்கமான 5 நாளில் தட்டுகளைத் தூக்கிப்போடுவதுதான் பெரிய தவறு. 14 நாள் வையுங்கள். தட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதம் காக்கவேண்டும். குழம்பு தெளிவாகவே இருந்தாலும் கடைசி நாளில் அதிலிருந்து ஆக்சிஜன் இல்லாத் தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சிறிய வெள்ளைக் காலனி, ஒழுங்கற்ற கிராம் பாசிட்டிவ் குச்சி வடிவக் கிருமி, கேட்டலேஸ் சோதனை பாசிட்டிவ், பெரும்பாலும் இண்டோல் சோதனையும் பாசிட்டிவ் என்றால், 'டிப்தீராய்டு (தோலில் சாதாரணமாக இருக்கும் குச்சிக்கிருமி), மாசு' என்று ஒதுக்காமல், கிருமியின் புரதங்களை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியில் உறுதிசெய்யுங்கள்.

ஒரே துண்டில், அதுவும் குழம்பில் மட்டும், 11ஆம் நாள் வளர்ந்தால் மாசாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளில் அதே கிருமி முதல் வாரத்திலேயே வந்தால் அலட்சியம் கூடாது. ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்' போதாது. '5இல் 3, 5ஆம் நாள், தட்டிலும் குழம்பிலும், காஸில் இல்லை' என்று எழுதினால்தான் அறுவை மருத்துவரால் முடிவெடுக்க முடியும்.