போட்ட முதல் திரும்பும் வரை: ஆன்லைன் விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தை வளர்க்கும் முறை

பல்லடம் பக்கத்தில் நடக்கும் ஒப்பந்தக் கோழி வளர்ப்பை அறிந்தவர்களுக்கு விளையாட்டு வெளியீட்டுத் தொழிலை விளக்குவது எளிது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுக்கிறது. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. கோழி பிடிக்கும் நாளில் எடையையும் தின்ற தீவனத்தையும் கணக்கிட்டு வளர்ப்புக் கூலி தரப்படுகிறது. விளையாட்டை உருவாக்குவது ஒரு ஸ்டூடியோ என்றால், அதற்கு முன்பணம் கொடுத்து, பிழைகளைச் சோதித்து, பிற மொழிகளுக்கு மாற்றி, இணையக் கடைகளில் ஏற்றி, விளம்பரம் செய்து, வரும் வசூலைப் பங்கிடுவது வெளியீட்டாளரின் வேலை. கறிக்கோழி ஆறேழு வாரத்தில் கைமாறிவிடும். நன்றாக அமைந்த விளையாட்டோ பத்து ஆண்டுகளுக்கும் விற்றுக்கொண்டிருக்கும். ஆகவே இத்தொழிலில் கணக்கு என்பது ஒரு நாள் முடிந்துபோகும் சங்கதி இல்லை. ஸ்டூடியோவுக்கும் நமக்கும் இடையிலான அந்த நீண்ட கணக்கை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே நிறுவனம் வளரும் அல்லது தேங்கும் என்பது, கோவையில் சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் என் கருத்து.

முதலில் சொந்தச் சரக்கு

பிறர் விளையாட்டை வெளியிடுவதற்கு முன் சொந்தமாகச் சிறிய விளையாட்டு ஒன்றையாவது வெளியிட்டுப் பாருங்கள். தாயமோ ஆடுபுலி ஆட்டமோ கூடப் போதும். அது சம்பாதிக்காவிட்டாலும் கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கும். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். அந்த விளையாட்டின் விற்பனை 1,000 டாலரைத் தாண்டியதும் அது திரும்பக் கிடைக்கும். கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கூகுள் பிளேயில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பிறகே பொதுமக்களுக்கு வெளியிட அனுமதி கேட்க முடியும். வெளியீட்டு நிறுவனமாக வளரும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்து, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வாங்கி, நிறுவனக் கணக்காகத் திறப்பது நல்லது.

வரி விஷயத்தில் இரண்டு காகிதங்களைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென்-இ. அதில் பான் எண்ணைக் குறித்து, இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் சலுகையைக் கோரினால், அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் ராயல்டி மீதான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறையும். மற்றொன்று, ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்புவதற்கான எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம்; இதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் எந்தக் குடும்பத்தின் ஆடிட்டருக்கும் இது அத்துப்படி. விளையாட்டுத் தொழில் தெரிந்த ஆடிட்டரைத் தேடிச் சென்னைக்குப் போகத் தேவையில்லை.

தொடக் கூடாத சரக்கு

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை வெளியிட்டால் விரைவாக வளரலாம் என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டமே இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பழைய வழக்கையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எதையும் தடுத்தது. அத்தகைய விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு. நீங்கள் வெளியிடும் இலவச விளையாட்டுக்குள் விளம்பர நிறுவனங்கள் வழியே இத்தகைய விளம்பரங்கள் நுழையக்கூடும் என்பதால், அந்த வகைகளை அமைப்புகளிலேயே அடைத்துவைக்க வேண்டும். சிறுவர்கள் ஆடும் விளையாட்டு என்றால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படியுங்கள். அதன்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது.

ஒப்பந்தமும் கணக்கும்

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், ஆடக்கூடிய ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கி, அந்த வகை விளையாட்டை விரும்பி ஆடும் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, நாம் வாய் திறக்காமல் பின்னால் நின்று பார்க்க வேண்டும். சேம்பிள் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கும் வழக்கம் எந்தத் தொழிலில் இருக்கிறது? கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் காட்டும் மாதிரிகள் பல அழகாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அக்குழு அதே விளையாட்டில் உழைக்குமா என்பதை மட்டும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் பங்கு விகிதத்தைப் பற்றியே பேரம் பேசுகிறார்கள். பாதிக்குப் பாதி என்று முடிந்ததும் கைகுலுக்கிக் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உண்மையில் பங்கைத் தீர்மானிப்பது, போட்ட முதலை எங்கிருந்து, எந்த வரிசையில் திரும்ப எடுக்கிறோம் என்கிற வரிதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரியும் திருப்பிக் கொடுத்த பணமும் போக ஒரு விளையாட்டு 20 லட்சம் ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். கடையின் பங்கு 30 சதவீதம், அதாவது 6 லட்சம் போக 14 லட்சம் கைக்கு வருகிறது. ஸ்டூடியோவுக்குக் கொடுத்த முன்பணம் 6 லட்சம். மொழிபெயர்ப்பு, சோதனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு 4 லட்சம். ஆக நாம் போட்ட முதல் 10 லட்சம்.

முதல் முறையில், மொத்த வரவிலிருந்து 10 லட்சத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, மீதி 4 லட்சத்தைப் பாதியாகப் பிரிக்கிறோம். முன்பணம் நீங்கலாக ஸ்டூடியோவுக்கு 2 லட்சம் கிடைக்கிறது. இரண்டாம் முறையில், வரவை முதலிலேயே பாதியாகப் பிரித்து, ஸ்டூடியோவின் 7 லட்சத்திலிருந்து மட்டும் போட்ட முதலைக் கழிக்கிறோம். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது என்பதோடு 3 லட்சம் பாக்கியும் நிற்கும். இரண்டிலும் காகிதத்தில் எழுதியிருப்பது பாதிக்குப் பாதிதான். மூன்றாவது முறையில், முதல் ரூபாயிலிருந்தே வரவில் 20 சதவீதம் ஸ்டூடியோவுக்குப் போகிறது. மீதி 80 சதவீதத்தைக் கொண்டு நம் 10 லட்சம் அடைபட 12.5 லட்சம் வரவு வேண்டும். அதற்குள் அவர்களுக்கு 2.5 லட்சம் சேர்ந்திருக்கும், எஞ்சிய 1.5 லட்சத்தில் பாதியும் சேர்த்தால் 3.25 லட்சம்.

நான் மூன்றாவது முறையையே பரிந்துரைக்கிறேன். முதல் முறையோடு ஒப்பிட்டால் நமக்கு ஒன்றேகால் லட்சம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் விளையாட்டு வெளியான முதல் சில மாதங்களில்தான் பிழை திருத்தமும் புதிய பகுதிகளும் தேவைப்படும். அந்த மாதங்களில் கையில் காசில்லாத குழு வேறு ஜாப் ஒர்க்குக்குப் போய்விடும். அப்படிப் போனால் நிற்கும் விற்பனையின் மதிப்பு ஒன்றேகால் லட்சத்தைவிட அதிகம். தவிர, நல்ல கணக்குக் காட்டும் நிறுவனம் என்ற பெயர் பீளமேட்டிலிருந்து பெருந்துறை வரை பரவ அதிக நாள் ஆகாது. கெட்ட பெயர் இன்னும் விரைவாகப் போகும்.

செலவுக்கு உச்சவரம்பு எழுதுங்கள். நாம் செய்யும் ஒவ்வொரு விளம்பரச் செலவும் அவர்கள் கணக்கில் ஏறுவதால், ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் போனால் அவர்களின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடை அனுப்பிய மூல அறிக்கையோடு சேர்த்துக் கணக்கை அனுப்புங்கள், வரவு பூஜ்ஜியமாக இருந்தாலும் அனுப்புங்கள். தீவன மூட்டைக் கணக்கைக் காட்டாத நிறுவனத்தோடு பண்ணையாளர்கள் என்ன சண்டை போடுவார்கள் என்பது பல்லடத்துக்காரர்களுக்குத் தெரியும்.

வெளியிடும் நாளுக்கு முன்

ஸ்டீமில் கட்டணம் கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில் வருகிறது' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். இவை கடையின் குறைந்தபட்ச விதிகள் மட்டுமே. அந்தப் பக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்பே திறப்பது உங்கள் விவேகம். விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு, விளையாட்டு வெளியாகும்போதும், பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி தரும்போதும் கடையே மின்னஞ்சல் அனுப்புகிறது. ஆகவே பட்டியலில் சேரும் ஒவ்வொரு பெயரும் பல முறை பயன்படும் வாடிக்கை. டெமோ விளையாட்டுகளுக்கான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு விளையாட்டு ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். பாதி வெந்த டெமோவை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

எங்கள் முதல் விளையாட்டை டிசம்பர் கடைசி வாரத்தில் வெளியிட்டோம். விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு. இருந்தார்கள்; ஆனால் அதே வாரத்தில் நடந்த குளிர்காலத் தள்ளுபடி விற்பனையில் உலகத்தின் பெரிய விளையாட்டுகளெல்லாம் பாதி விலைக்குக் கிடைத்தன. தீபாவளிக்கு முந்தின நாள் ஒப்பணக்கார வீதியில் புதிதாகத் துணிக்கடை திறந்தது போலத்தான் எங்கள் கதை ஆனது.

தமிழில் வெளியிடுவதானால் எழுத்துருவைச் சோதிக்காமல் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோ, கொம்பும் காலும் சேரும் எழுத்துகளைத் தானாக ஒழுங்குபடுத்துவதில்லை. 'கொங்கு' என்று தட்டச்சு செய்தாலே கொம்பு இடம் மாறி, 'கு' உடைந்து நிற்கும். அதே வகை மென்பொருளான கோடோ 4 இவ்வகை எழுத்துகளைச் சரியாகவே காட்டுகிறது.

பட்டியல் வளரும்போது

மூன்று, நான்கு விளையாட்டுகள் கைக்கு வந்த பிறகுதான் நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளலாம். புதிய விளையாட்டு எதுவும் வெளிவராத மாதத்திலும் பழையவற்றின் வரவு சம்பளத்தைக் கொடுக்குமானால், நீங்கள் அவசரத்துக்காக மட்டமான விளையாட்டை ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்காது. இதற்காக ஒருவரைத் தனியாக நியமியுங்கள்: தள்ளுபடி நாட்களைத் திட்டமிடுவதும், ஒரே வகை விளையாட்டுகளைக் கட்டாக விற்பதும், ஓடிய விளையாட்டை மொபைலுக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பு. விளம்பரத்துக்கு ஆள் எடுப்பதற்கு முன் சோதனைக்கு ஆள் எடுங்கள். அது இப்பகுதியில் எளிதாகக் கிடைக்கும் திறமையும்கூட. வெளி முதலீட்டைத் தேடுவோர் முதலில் புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டி.என்.னின் ஈரோடு வட்டார மையத்தில் விசாரிக்கலாம்.

பிறர் விளையாட்டை மட்டுமே நம்பி வளர்வதன் எல்லையை இரண்டு பெரிய நிறுவனங்களின் வரலாற்றில் காணலாம். 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய கரீனா, 2010இல் ரயட் நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டைத் தென்கிழக்கு ஆசியாவில் வெளியிடும் உரிமை பெற்று வளர்ந்தது. அந்த வரவும் அனுபவமும் இருந்ததால் 2017இல் சொந்தமாக ஃப்ரீ ஃபயர் விளையாட்டைக் கொண்டுவர முடிந்தது. 2023 தொடக்கத்தில் ரயட் நிறுவனம் தன் விளையாட்டைத் தானே வெளியிடத் தொடங்கியபோது, கரீனாவின் கையில் சொந்தச் சரக்கு இருந்தது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டதும், அதன் கொரிய உரிமையாளரான கிராஃப்டன் இந்திய வெளியீட்டு உரிமையைச் சீன நிறுவனமான டென்சென்ட்டிடமிருந்து திரும்ப எடுத்து, 2021 ஜூலையில் வேறு பெயரில் வெளியிட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் காலமும் நாடுகளும் தெளிவாக எழுதப்பட வேண்டும்; முடிவுத் தேதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிப்பதைப் பேசத் தொடங்க வேண்டும்; வெளியிடும் ஐந்தில் ஒன்றாவது நம் சொந்த உரிமையாக இருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்றால் சர்வர் செலவு விற்பனை நின்ற பிறகும் தொடரும். நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு மும்பையிலோ சென்னையிலோ உள்ள சர்வர் போதும். ஐரோப்பியர்களுக்கு அங்கேயே ஒன்று வேண்டும். அந்த மாதச் செலவு போட்ட முதலில் சேருமா, நம் பங்கிலிருந்து போகுமா என்பதையும், வரவு எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மூடலாம் என்பதையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். மூடுவதாக முடிவானால் ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதமாவது முன்னறிவிப்புக் கொடுத்து, அறிவிப்பு நாளிலேயே விளையாட்டுக்குள் பொருள் விற்பதை நிறுத்தி, மூலநிரலையும் உரிமையையும் ஸ்டூடியோவிடம் திருப்பிக் கொடுத்து, கடைசிக் காலாண்டுக் கணக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.