ஹோர்மோன் மருந்து தொடங்கியாச்சா? முதல் மூன்று மாதத்தைக் கடக்கும் வழி

வன்னி வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் நடு இரவில், மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போதே முகமும் கழுத்தும் கொதித்துத் தலையணை நனைந்தால் அது வேறு. 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவதால் வருவது. பல அக்காமார் இதை வெளியில் சொல்லாமல் வருடக்கணக்காகத் தாங்குகிறார்கள். தாங்கத் தேவையில்லை. குறைந்த ஈஸ்ட்ரஜனை ஈடுசெய்ய ஹோர்மோன் மருந்து இருக்கிறது, குளிசையாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ வைத்தியர் தருவார்.

1. முதலில் உடம்பைப் பரிசோதியுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எந்த நாள் என்று உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கருப்பை எடுத்தவரா என்பதையும் சொல்லுங்கள். கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரஜனோடு புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் தேவை. ஈஸ்ட்ரஜன் மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். அதனால் மற்றவரின் குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

2. குளிசையென்றால் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டோடு எடுத்துப் பாருங்கள்.

ஒட்டும் பட்டையென்றால் நம் ஊர் வியர்வைக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். குளித்து, நன்றாகத் துடைத்து, உடம்புச் சூடு ஆறியபின் இடுப்புக்குக் கீழே பிட்டத்திலோ தொடையின் மேற்பகுதியிலோ ஒட்டுங்கள். அந்த இடத்தில் எண்ணெயும் பவுடரும் கூடாது. உள்ளங்கையால் பத்து வினாடி அழுத்தி, ஓரங்களை விரலால் தடவிவிடுங்கள். பாவாடை நாடா உரசும் இடத்தைத் தவிருங்கள். வயலில் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாலே ஓரம் கிளம்பிவிடும். மார்பில் ஒருபோதும் ஒட்டக்கூடாது. அடுத்த பட்டைக்கு இடத்தை மாற்றுங்கள்.

3. பொறுமை வேண்டியது இங்கேதான். மார்பு கனத்து வலிக்கலாம், வயிறு ஊதலாம், தலையிடிக்கலாம், இடையிடையே இரத்தக்கறை படலாம். பயந்துபோய் இரண்டாம் கிழமையே மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் இவை அடங்கும். வியர்வை சில கிழமைகளில் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். சுவர்க் கலண்டரில் வியர்த்த இரவுக்கு ஒரு புள்ளி, கறை பட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள்.

4. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், பேச்சு குழறினால், திடீரெனக் கடும் தலையிடி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, ஆறு மாதம் கடந்தும் தொடர்ந்தாலோ வைத்தியரைப் பாருங்கள்.

5. மூன்றாம் மாதக் கிளினிக்குக்கு அந்தக் கலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டுபோங்கள். குளிசை ஒத்துவரவில்லையென்றால் அளவையோ வகையையோ மாற்றலாம். பட்டையில் இரத்தக்கட்டி ஆபத்து குளிசையை விடக் குறைவு. எல்லாம் சரியென்றாலும் பிறகு வருடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். ஒன்று சொல்ல மறக்கக்கூடாது: இது கருத்தடை மருந்து அல்ல. மாதவிடாய் இன்னும் இடைக்கிடை வருபவர்கள் அதற்குத் தனி ஏற்பாடு கேளுங்கள்.