இறுதிக் களப்பயிற்சிக்கு எந்த விடுதி? தெரிவுப் படிவத்தை நிரப்பும் முறை

தாதியப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் வைத்தியசாலையில் விரும்பிய விடுதியை (வார்ட்டை) அல்லது பிரிவைக் குறிப்பிடுமாறு ஒரு படிவம் கைக்கு வரும்போது, பக்கத்தில் இருப்பவர் எதை எழுதுகிறார் என்று பார்த்து நிரப்புகிறவர்களே அதிகம். எல்லா நிறுவனங்களிலும் இவ்வாறு கேட்பதில்லை. கேட்கும் இடங்களிலும் முதல் தெரிவே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அந்தப் படிவத்தை நிரப்ப நான் பின்பற்றிய வழியையும், எனக்குப் பின் படித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதில் செய்த திருத்தங்களையும், திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலைகளை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். மருத்துவ விடுதிக்கும் சத்திரசிகிச்சை விடுதிக்கும் உள்ள வேறுபாடு போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அரச நியமனம் பெற்ற பின் எந்த வைத்தியசாலைக்குச் செல்வீர்கள் என்பதை வெற்றிடங்களும், எந்த விடுதியில் நிற்பீர்கள் என்பதை அங்குள்ள ஆளணித் தேவையுமே முடிவுசெய்யும். எனவே இறுதிப் பயிற்சியில் சிறுவர் விடுதியைத் தெரிந்தவர் பணிக்காலம் முழுவதும் அங்கேயே இருப்பார் என்று எண்ண வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவர் அருகில் நின்று பார்க்க, பிசகினால் அந்த இடத்திலேயே திருத்த, ஒரு வேலையைப் பழகக் கிடைக்கும் கடைசிக் காலம் இது. அதை எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதைத்தான் நீங்கள் முடிவுசெய்கிறீர்கள்.

படி 1: பதிவேட்டில் கையொப்பம் இல்லாத இடங்களைப் பாருங்கள்

களப்பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து, இன்னும் கையொப்பம் பெறாத செயல்முறைகளையும், ஒரே ஒரு தடவை செய்துவிட்டு ஒப்பம் வாங்கியவற்றையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியலே முக்கியமானது. மூக்குவழி உணவுக் குழாய் இடுதல், சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீற்றர் போடுதல், சளி உறிஞ்சியெடுத்தல், குழந்தையின் நிறைக்கேற்ப மருந்தளவு கணித்தல் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். இதற்குக் கைபேசியை விட, சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய கொப்பியே மேல் என்பது என் உறுதியான கருத்து. விடுதிக்குள் கைபேசியை வெளியே எடுத்தால் காரணம் கேட்பார்கள், கொப்பியை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

படி 2: பிடித்தது வேலையா, ஆட்களா என்று பிரித்துப் பாருங்கள்

எனக்கு அதிக நேரம் எடுத்த படி இதுவே. பிறரும் இங்கேதான் தடுக்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு விடுதி பிடித்திருந்தது என்று சொல்லும்போது, உண்மையில் பிடித்தது அங்கே இருந்த ஒரு நல்ல மிஸ்ஸாகவோ (நாங்கள் மிஸ் என்று அழைக்கும் தாதியாகவோ), கூடச் சென்ற நண்பர்களாகவோ இருக்கலாம். அந்த மிஸ் வருடாந்த இடமாற்றத்தில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாக எண்ணிக்கொண்டு, அதன் பின்னும் அந்த விடுதியின் வேலை உங்களை இழுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்ற பதில் வந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்து, நோயின் பெயரை மறந்துவிட்டு, ஒரு முறைப்பணி நேரம் முழுவதும் உங்கள் கண்ணும் கையும் என்ன செய்யும் என்று எழுதுங்கள். மருத்துவ விடுதியை எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழையோடு இந்த மாவட்டத்தில் டெங்கு கூடும். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கக்கூடும். அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். சுகம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தாருங்கள் என்று உறவினர்கள் கேட்பதும் அதே நேரத்தில்தான். முன்பு 110/70 ஆக இருந்த குருதியமுக்கம் இப்போது 100/80 என்று வருகிறது. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அதில் குறை தெரியாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 40 இலிருந்து 20 ஆகச் சுருங்கிவிட்டதைக் கண்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுபவரே அங்கே தேவைப்படும் தாதி. மணிக்கு மணி நாடி, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு என்று அட்டவணையில் எழுதி, அந்த எண்களின் போக்கைத் தேடிக்கொண்டே இருப்பது உங்களுக்குச் சலிப்புத் தராது என்றால், மருத்துவ விடுதியையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தயங்காமல் எழுதலாம்.

குறைமாதக் குழந்தைகள் பிரிவிலும் எண்களே பேசும், ஆனால் வேலை மிக நுணுக்கமானது. ஒட்சிசன் ஏற்றப்படும் குழந்தைக்குக் குருதியின் ஒட்சிசன் செறிவு மட்டத்தைப் பொதுவாக 90 க்கும் 95 க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, ஏனெனில் அளவுக்கு மீறிய ஒட்சிசன் விழித்திரையைப் பாதிக்கும். சில மில்லிலீற்றர் தாய்ப்பாலைக் குழாய் வழியே மெல்ல இறங்கவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர், குழந்தைகளைப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக இப்பிரிவை எழுதக் கூடாது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒழுங்கை நேசிப்பவர்கள் நிலைப்பார்கள். தொடங்குமுன் எண்ணிய துணிகளையும் கருவிகளையும் வயிற்றை மூடுமுன் மீண்டும் எண்ணிக் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். நோயாளியோடு பேசிப் பழகுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு அந்த இடம் வறட்சியாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை என்று அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். பதவிசிறிபுர போன்ற பகுதிகளில் விவசாயிகளிடையே காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோயை அறிந்தவர்களுக்கு, இந்த அனுபவம் எவ்வளவு பயன்படும் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 3: எந்த அளவு வைத்தியசாலை என்று தீர்மானியுங்கள்

ஒரே பிரிவு, வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறு பாடத்தைத் தரும். கிண்ணியா, மூதூர் போன்ற ஆதார வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில், பாம்புக்கடியோ விபத்தோ, முதல் மணித்தியாலத்தில் செய்யப்படும் அனைத்தையும் மிக அருகில் நின்று பார்க்கலாம், சிலவற்றைச் செய்யவும் கிடைக்கும். ஆனால் நிலை மோசமானவர்களை மேல் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவதால் அவர்களுடைய பின்கதை தெரியாமலே போகும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் பின்கதை தெரியும். ஆனால் போதனா வைத்தியசாலையில் ஒரு நோயாளியைச் சுற்றி மருத்துவ மாணவர்களும் தாதிய மாணவர்களுமாக வரிசை நிற்கும். அவசர சிகிச்சைக்குச் சிறிய இடம், தீவிர சிகிச்சைக்குப் பெரிய இடம் என்பதே என் தெரிவு.

போக்குவரத்தைக் கடைசியாக யோசிக்காதீர்கள். இரவுப் பணி மாலை 7 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு முடியும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் அந்தப் பக்கம் போய்வருவது எளிதாகிவிட்டது. படகுப் பாதைக்குக் காத்திருந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆயினும் உங்கள் ஊரிலிருந்து மாலைப் பேருந்து உண்டா என்பதை விசாரித்துவிட்டே எழுதுங்கள்.

மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். சிங்களம் தடுமாறும் என்பதால், சிங்களம் பேசுவோர் அதிகமுள்ள கந்தளாயைத் தவிர்க்கிறவர்கள், மனநலப் பிரிவைத் தெரியும்போது மொழியைப் பற்றி யோசிப்பதில்லை. காயத்துக்கு மருந்து கட்டும்போது குறைந்த சொற்களோடு சமாளிக்கலாம். மனநல விடுதியில் பேச்சே பரிசோதனையும் பாதிச் சிகிச்சையும் ஆகும். மொழிபெயர்ப்பவரை நடுவில் வைத்தால் நோயாளி நிறுத்திய இடமும் தயங்கிய இடமும் காணாமல் போகும்.

படி 4: பகல் 1 மணிக்குப் போய்ப் பாருங்கள்

போதனாசிரியரிடமும், விடுதிக்குப் பொறுப்பான தாதியான விடுதிச் சிஸ்டரிடமும் அனுமதி பெற்று, காலைப் பணி முடிந்து மாலைப் பணியினர் பொறுப்பேற்கும் அந்த நேரத்தில் ஓரமாக நில்லுங்கள். கட்டில் கட்டிலாகச் சென்று ஒப்படைக்கிறார்களா, மேசையில் இருந்தபடியே முடிக்கிறார்களா, மாணவர் ஒருவருக்கேனும் தன் நோயாளியைப் பற்றிச் சொல்ல இடம் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு அங்கே பயிற்சியில் இருக்கும் மாணவரிடம் "இந்த விடுதி நல்லதா?" என்று கேட்காமல், "போன வாரம் மிஸ் பக்கத்தில் நிற்க, நீங்களே செய்த வேலைகள் என்ன?" என்று கேளுங்கள். ஆய்வுகூடத்துக்குப் போய் அறிக்கை எடுத்துவந்தேன் என்பதே முதல் பதிலாக வந்தால் போதும், வேறு விடுதியைப் பார்க்கலாம். கொப்பியில் நோயாளிகளின் பெயரையோ கட்டில் எண்ணையோ எழுதவே கூடாது.

படி 5: காரணத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்

மூன்று தெரிவுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டோடு பொருந்தும் காரணம் ஒன்றைக் கொடுங்கள். "எனக்குச் சிறுவர்களைப் பிடிக்கும்" என்பது எவருக்கும் உதவாது. "குழந்தையின் நிறைக்கேற்ப மருந்தளவையும் திரவ அளவையும் கணிப்பதில் எனக்கு ஒரு தடவை அனுபவமே உண்டு, மேற்பார்வையின் கீழ் இதில் உறுதி பெறச் சிறுவர் விடுதியை விரும்புகிறேன்" என்று எழுதினால், ஒதுக்கீடு செய்பவர் முடிவெடுக்க அதில் ஏதாவது இருக்கும்.

பின்சேர்க்கை

மூன்று தெரிவுகளும் கிடைக்காமல் நான்காவதாக ஒன்று வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தனர். படி 1 இல் எழுதிய பட்டியலை முதல் நாளே விடுதிச் சிஸ்டரிடம் காட்டி, இவற்றில் எவை இங்கே செய்யக் கிடைக்கும் என்று கேளுங்கள். கதீற்றரும் உணவுக் குழாயும் ஒரு பிரிவுக்கு மட்டும் உரியவை அல்ல. பிரசவ அறையை விரும்பிய ஆண் மாணவர் ஒருவருடைய கேள்விக்கும் இதையே ஒட்டிப் பதில் சொல்கிறேன்: உங்கள் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று படிவத்தை நிரப்புமுன் போதனாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்; அனுமதி இல்லையெனில், பிறந்த குழந்தையின் பராமரிப்பைப் பழகுவதற்குக் குறைமாதக் குழந்தைகள் பிரிவை முதல் தெரிவாக எழுதலாம்.