கார் பேட்டரி நெஜமாவே தேஞ்சிருக்கா? நீங்களே கணக்கு போட்டு பாக்குற வழி

எலக்ட்ரிக் கார் வாங்கி ரெண்டு மூணு வருஷம் ஆனா எல்லாருக்கும் வர்ற பயம் ஒண்ணுதான், புதுசுல ஃபுல் சார்ஜ் போட்டா 300 கிமீ காட்டுச்சு இப்ப 260 தான் காட்டுது, பேட்டரி போச்சான்னு. டேஷ்போர்டுல வர்ற அந்த கிமீ நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கடைசியா நீங்க எப்படி ஓட்டினீங்களோ அதை வச்சு கார் போடுற கணிப்பு அது. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இது இன்னும் தப்பா காட்டும், ஏன்னா ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரத்துல இருக்கு, கிருஷ்ணகிரி அதுல பாதி பக்கம் தான், ஒன்றரை டன் காரை கிருஷ்ணகிரில இருந்து ஓசூர் உசரத்துக்கு ஏத்தறதுக்கு மட்டுமே ஒன்றரை யூனிட்டுக்கு மேல கரண்ட் போயிடும். தினமும் ஓசூர் போற வழியில சூளகிரி மேட்டுல ஏறி வேலைக்கு போய் அங்கயே சார்ஜ் போடுறவருக்கு ரேஞ்ச் கம்மியா தான் காட்டும், அதே கார் தர்மபுரி டவுனுக்குள்ள சுத்துறவர் கையில கூடுதலா காட்டும். ஏசி, டயர் காத்து, நாலு வழிச்சாலையில 80ல போறீங்களா 100ல போறீங்களா, இதெல்லாமும் சேர்ந்து தான் அந்த நம்பரை ஆட்டுது.

அப்ப எப்படி அளக்குறது? எத்தனை கிமீ போச்சுன்னு பாக்காம எத்தனை யூனிட் செலவாச்சுன்னு பாருங்க. பேட்டரில சொல்ற கிலோவாட் அவரும் நம்ம இபி பில்லுல வர்ற யூனிட்டும் ஒண்ணு தான், அதனால கணக்கு சுலபம்.

முந்தின நாள் ராத்திரி வீட்டு சார்ஜர்லயே 100 வரைக்கும் போடுங்க, 100 வந்த உடனே பிடுங்காம கார் தானா நிறுத்துற வரைக்கும் விடுங்க, அப்ப தான் உள்ள இருக்கிற செல் எல்லாம் ஒரே அளவுக்கு வரும். காலையில டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு கிளம்புங்க. கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் போயிட்டு வந்தா 180 கிமீ பக்கம் வரும், அளக்க நல்ல தூரம். 30% பக்கம் வர்ற வரைக்கும் நடுவுல எங்கயும் சார்ஜ் போடாதீங்க. ஓரமா நிறுத்தி ரொம்ப நேரம் ஏசி போட்டு உக்காராதீங்க, சில கார் அந்த செலவை டிரிப் கணக்குல சேர்க்காது. திரும்பி வந்ததும் ஒரு கிமீக்கு சராசரியா எவ்வளவு செலவுன்னு கார் காட்டும். உதாரணத்துக்கு 190 கிமீ ஓடி, கிமீக்கு 140 வாட் அவர்னு வச்சுக்கோங்க (1000 வாட் அவர் ஒரு யூனிட்), மொத்தம் 26.6 யூனிட். பேட்டரி 100ல இருந்து 30க்கு வந்திருந்தா 70% காலி, அப்ப 26.6ஐ 0.7ஆல வகுத்தா 38 யூனிட். புதுசுல உபயோகிக்க முடியுற அளவு 40 யூனிட்னா இப்ப 95% இருக்கு, 5% தேய்மானம். அவ்ளோதான் கணக்கு. 80ல இருந்து 60 வரைக்கும் மட்டும் ஓட்டிட்டு இந்த கணக்கு போட்டா சின்ன தப்பும் பெருசா தெரியும், அதனால குறைஞ்சது 60% ஆவது காலி பண்ணி பாருங்க.

வீட்ல சார்ஜருக்கு தனி சப் மீட்டர் இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. 20ல இருந்து 100க்கு ஏற எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு டைரில எழுதி வைங்க. இதுல 10ல இருந்து 15% வரைக்கும் சார்ஜர் சூட்டுலயும் மத்ததுலயும் வீணாப் போகும், அதனால இதை கம்பெனி சொன்ன அளவோட ஒப்பிடாதீங்க, அதே சார்ஜர், அதே 20 டு 100, போன வருஷம் எவ்வளவு இந்த வருஷம் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. ஓபிடி டாங்கிள், அதாவது காரோட டெஸ்ட் சாக்கெட்டுல சொருகுற சின்ன கருவி, வாங்கி போன் ஆப்ல எஸ்ஓஹெச் (புதுசோட ஒப்பிட்டா பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம்ங்கிறது) பாக்குறவங்களும் இருக்காங்க, நல்லது தான், ஆனா அதுவும் காருக்குள்ள பேட்டரியை கவனிக்கிற பிஎம்எஸ்ங்கிற கம்ப்யூட்டர் போடுற மதிப்பீடு தான். அதையும் மேல சொன்ன கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டும் ஒத்துப்போனா நம்பலாம்.

எவ்வளவு தேஞ்சா பயப்படணும்? ஜியோடேப்ங்கிற கனடா கம்பெனி ஆயிரக்கணக்கான கார் டேட்டாவை பாத்து 2024ல சொன்ன சராசரி வருஷத்துக்கு 1.8%. ஆனா அது ஒரே சீரா இறங்காது, முதல் வருஷத்துல கொஞ்சம் வேகமா இறங்கி அப்புறம் நிதானமாகும். அதனால முதல் வருஷமே 4% போச்சுன்னு பாத்துட்டு 10 வருஷத்துல 40% போயிடும்னு பெருக்கி தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. லித்தியம் பேட்டரி முதல்ல சார்ஜ் ஆகும்போதே உள்ள இருக்கிற கிராஃபைட் (நெகட்டிவ்) பக்கம் மெல்லிசா ஒரு படலம் உண்டாகும், அது கொஞ்சம் லித்தியத்தை புடிச்சு வச்சுக்கும். படலம் தடிமனாக ஆக வளர்ற வேகம் குறையும். சூடு அதிகமானாலும், சார்ஜ் ஃபுல்லா இருந்தாலும் அது வேகமா வளரும். ரெண்டும் சேர்ந்து பல மணி நேரம் இருக்கிறது தான் மோசம்.

சூடு என்ன பண்ணும்னு நிஸான் லீஃப் கதையை பாத்தா தெரியும். ஆரம்ப மாடல்ல பேட்டரியை குளிர வைக்க தனியா எதுவும் கிடையாது, 2012ல அமெரிக்காவுல அரிசோனா வெயில்ல ஓடின கார்கள்ல பேட்டரி அளவு காட்டுற கோடு ஒண்ணொண்ணா காணாம போச்சு, அப்புறம் கம்பெனி அளவு குறைஞ்சாலும் வாரண்டின்னு கொடுத்தாங்க, 2015 மாடல்ல சூட்டை தாங்குற பேட்டரியும் போட்டாங்க. இப்ப நம்ம ஊர்ல விக்கிற பெரும்பாலான கார்ல லிக்விட் கூலிங் இருக்கு, ஆனா வண்டியை ஆஃப் பண்ணி நிறுத்திட்டா அதுவும் பெரும்பாலும் தூங்கிடும்.

அதனால நிறுத்துற இடம் முக்கியம். கத்திரி வெயில்ல நாலு பக்கமும் அடைச்ச தகர ஷெட்டுல காரை விடுறது அடுப்பு மேல வைக்கிற மாதிரி, அதுக்கு காத்து வர்ற வேப்பமர நிழலே மேல். சாயங்காலம் நாலு வழிச்சாலையில ஓட்டிட்டு வந்த சூட்டோட பிளக்கை சொருகாதீங்க, சாப்பிட்டு முடிச்சு ராத்திரி 11 மணிக்கு மேல டைமர் வைங்க, காலையில கிளம்புற நேரத்துக்கு ஒட்டி முடியுற மாதிரி.

தினமும் எவ்வளவு போடலாம்ங்கிறது பேட்டரி ரகத்தை பொறுத்தது. லித்தியம் பேட்டரில எல்எஃப்பி, என்எம்சின்னு ரெண்டு முக்கிய ரகம். டாடா நெக்ஸான், டியாகோ, எம்ஜி வின்ட்சர் இதுல எல்லாம் எல்எஃப்பி. ஹூண்டாய் கோனால என்எம்சி. என்எம்சின்னா தினப்படிக்கு 80% போதும், 100 வெளியூர் போற அன்னிக்கு மட்டும். எல்எஃப்பில நடுவுல வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவுல நிக்கும், அதனால எத்தனை பர்சன்ட்னு பிஎம்எஸ்க்கே குழப்பம் வரும், மேனுவல்ல சொன்ன இடைவெளில 100 போட்டே ஆகணும். அதுக்காக எல்எஃப்பியை 100ல வச்சு வாரக்கணக்கா வெயில்ல விடலாம்னு சிலர் சொல்றதை கேக்காதீங்க, அதுவும் தேயும். ஊருக்கு வந்து காரை விட்டுட்டு மாசக்கணக்குல வெளிநாடு போறவங்க 50% பக்கம் வச்சு விட்டுட்டு போங்க, 10%ல விட்டுட்டு போகவே போகாதீங்க.

தர்மபுரில இருந்து சேலம் போறவங்க இதை கண்டிப்பா கவனிங்க. 100% போட்டுட்டு தொப்பூர் கணவாய்ல இறங்கினா ரீஜென்ல, அதாவது வேகத்தை குறைக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்புற கரண்ட்டை வாங்க பேட்டரில இடம் கம்மியா தான் இருக்கும், ரீஜென் பிரேக் வலு குறையலாம், சாதா பிரேக் மேல கூடுதல் வேலை விழும். அந்த இறக்கத்துல எத்தனை விபத்து நடந்திருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். 85, 90ல கிளம்புங்க, இறங்கும்போது கொஞ்சம் ஏறிக்கும்.

ஃபாஸ்ட் சார்ஜரை பாத்து ரொம்ப பயப்பட வேண்டாம், மாசத்துல சில தடவை போட்டா ஒண்ணும் ஆகாது. மே மாச மத்தியானம், கார் கொதிச்சு போய் நிக்கும்போது திரும்ப திரும்ப போடுறது தான் தப்பு. 80க்கு மேல வேகம் எப்படியும் குறைஞ்சிடும், பின்னாடி ஒருத்தர் காத்துட்டு இருப்பாரு, எடுத்துடுங்க.

கடைசியா வாரண்டி. இங்க பல கார்ல 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ, எது முன்னாடி வருதோ அது. எத்தனை சதவீதத்துக்கு கீழ போனா மாத்தி தருவாங்கன்னு புக்கை எடுத்து படிங்க, பல கம்பெனில 70%. உங்க கணக்குல அந்த பக்கம் வருதுன்னா சர்வீஸ் சென்டர்ல வாய்ல கேட்டுட்டு வராம, எஸ்ஓஹெச் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டை பேப்பர்ல குடுங்கன்னு கேளுங்க, ஜாப் கார்டுல எழுத வைங்க, அதுல தேதியும் ஓடின கிமீயும் இருக்கான்னு பாத்துட்டு வாங்கிட்டு வாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களும் இதே ரிப்போர்ட்டை கேளுங்க, வாரண்டி அடுத்த ஓனருக்கு மாறுமான்னும் கேட்டுக்கோங்க, முடிஞ்சா ஒரு நாள் வண்டியை வாங்கி மேல சொன்ன 100 டு 30 கணக்கை நீங்களே ஓட்டி பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.