கற்றல் சிரமமுள்ள பிள்ளைகள்: வீட்டில் நாம் தவிர்க்க வேண்டியவை

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் வீடுகளில் நடக்கும் தவறுகளுக்கு அக்கறைக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். அக்கறை மிகுந்துபோய், பலிக்காத ஒன்றையே மறுபடி மறுபடி செய்வதுதான் வழக்கம். படிப்பு வரவில்லையா, இன்னொரு டியூஷன். எழுத்து பிசகுகிறதா, இன்னும் இருபது தடவை எழுது. சொன்னது காதில் ஏறவில்லையா, இன்னும் சத்தமாகச் சொல். அளவைக் கூட்டுகிறோம், வழியை மாற்றத் தோன்றுவதில்லை. சிங்கப்பூரில் வீடுகளுக்குப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

சொல்வதெழுதுதலையே எடுத்துக்கொள்வோம். மறுநாள் பள்ளியில் பத்துச் சொற்கள். இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிள்ளை 'கொக்கு' என்ற சொல்லை வரிவரியாக நிரப்பிக்கொண்டிருக்கிறது. எதிரில் அம்மா. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டால் 'கெக்கு' என்றோ 'காக்கு' என்றோ எழுதும். "ராத்திரி நல்லாத்தானே எழுதினே?" என்று அம்மாவுக்குக் கோபம் வருகிறது. பிள்ளைக்குச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு, எழுத்துச் சிரமம் உள்ள பிள்ளைக்குச் சிக்கல் எங்கே என்றால், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும், அவற்றை எழுத்தோடு பொருத்துவதிலும்தான். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்பார்வைக்கும் இல்லை. பார்த்துப் பார்த்து எழுதும்போது கை மட்டும் வேலை செய்கிறது. ஒலிக்கும் எழுத்துக்கும் நடுவே எதுவும் நடப்பதில்லை.

தமிழ் எழுத்தில் இதற்கென்றே ஒரு சங்கடம் உண்டு. 'கொ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்', அப்புறம் 'ஒ'. எழுதும்போதோ முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். ஒலி ஒரு வரிசையில் வருகிறது, கை வேறு வரிசையில் போகிறது. நமக்குப் பழகிப்போனதால் உறைப்பதில்லை, பிள்ளை ஒவ்வொரு முறையும் இதில் தடுக்கி விழுகிறது. ல, ள, ழ விஷயமும் இப்படித்தான். பேச்சில் நாமே மூன்றையும் ஒன்றாக உருட்டிவிட்டு, எழுத்தில் மட்டும் பிள்ளை பிரித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது எளிது. பத்துச் சொல்லில் மூன்றை மட்டும் எடுங்கள். கொம்புக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம் என்று சின்ன அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். சொல்லைக் கைதட்டிப் பிரித்து, கொக்-கு என்று சொல்லவையுங்கள். அட்டைகளை அடுக்கட்டும், அடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும், அப்புறம் தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று நம் வீடுகளில் செய்வதுதானே இது. கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே ஒலியைப் பிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் ஆங்கிலம் கற்பிக்கப் பின்பற்றும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறைக்கும் இதுவே அடிப்படை. பத்து நிமிடம் போதும். நன்றாகப் போகிறது என்பதற்காக நீட்டாதீர்கள். நன்றாகப் போகும்போதே எழுந்துவிட்டால் நாளைக்குக் கூப்பிட்டவுடன் வந்து உட்காரும்.

பள்ளியில் கிடைப்பதையும் கேட்டு வாங்குங்கள். தொடக்கநிலை 1, 2-ல் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் கற்றல் ஆதரவுத் திட்டங்கள் இருக்கின்றன. டிஸ்லெக்சியா இருப்பதாகக் கண்டறியப்பட்ட தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தனிப் பயிற்சி உண்டு. அதற்கு மேல் மூன்றாவது டியூஷனைச் சேர்த்தால் கூடுவது பிள்ளையின் களைப்புதான்.

கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள ஏடிஎச்டி பிள்ளைகளிடம் இதே தவறு வேறு உருவில் வரும். "பல்லத் தேச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, தண்ணி போத்தல எடுத்துக்கிட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறோம். குளியலறைக்குப் போன பிள்ளை குழாய்த் தண்ணீரில் விரல் வைத்து விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வேலை அதன் நினைவில் தங்கவே இல்லை. திரும்பவும் அதே மூன்றைக் கத்திச் சொன்னால் நினைவில் தங்கிவிடாது. ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததும் அடுத்தது. இல்லையென்றால் வேலைகளைப் படமாக வரைந்து கதவில் ஒட்டிவிடுங்கள், முடித்ததைப் பிள்ளையே புரட்டிப் போடட்டும். காலையில் வீட்டில் கேட்கும் சத்தமே குறைந்துவிடும்.

அடுத்து, எனக்கு மிகவும் மனத்தாங்கலான ஒரு விஷயம். பிள்ளை பேசத் தாமதித்தால் நம் வீடுகளில் முதலில் பலியாவது தமிழ். "ரெண்டு மொழி கேட்டா குழம்பிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இரண்டு மொழிகளால் கேடு வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. தமிழை நிறுத்தும்போது நிஜத்தில் என்ன நடக்கிறது? நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் பாட்டி வாயடைத்துப் போகிறார். தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களில் "கம்", "சிட்", "ஈட்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடுகிறது. அதிகம் பேசக்கூடிய ஆளையே பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறோம். பள்ளிப் பாடமாகத் தமிழ் பெரும் பாரமாக இருந்தால் அது வேறு பேச்சு. தொடக்கநிலை 5-லிருந்து அடிப்படைத் தமிழ் இருக்கிறது. சிறப்புத் தேவை காரணமாகத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டும் விண்ணப்பிக்கலாம், கல்வி அமைச்சு தனித்தனியாகப் பரிசீலிக்கும். தேர்வை விட்டாலும் விடுங்கள், பாட்டியின் பேச்சை விடாதீர்கள்.

பேசும் விதத்தில் மட்டும் ஒரு மாற்றம் வேண்டும். பேசாத பிள்ளையை நாம் கேள்வியால் துளைக்கிறோம். இது என்ன, அது என்ன கலர், மாமா பேர் என்ன. ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஒரு பரீட்சை. அதற்குப் பதில் நடப்பதைச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "பஸ் வருது. பச்சை பஸ். பெரிய பஸ்." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், நாம் மூன்றிலேயே அடுத்ததைச் சொல்லிவிடுவோம். ஒரு பார்வையோ, ஒரு விரல் சுட்டலோ, "ப" என்ற ஒலியோ வந்தால் அதுவே பதில். அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசுங்கள்.

காத்திருப்பது சில இடங்களில் நல்லது, ஓர் இடத்தில் மட்டும் கூடாது. "அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு", "ஆம்பளப் பிள்ளைங்க மெதுவாத்தான் பேசும்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஓடிவிடும். பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறதே, அதை எடுத்துப் பாருங்கள். பின்தங்கியிருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள், அந்த வழியில் போனால் கட்டணக் கழிவும் கிடைக்கும். காது நன்றாகக் கேட்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். எபிக் எனப்படும் ஆரம்பகால உதவித் திட்டம் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஐந்து வயதில் போய் வரிசையில் நின்றால் பயன்பெற மிஞ்சும் காலம் குறைவு.

இந்த இடைவெளியில்தான் வசம்பு வருகிறது. நாக்கில் உரைத்துத் தடவினால் பேச்சு வரும் என்பது நம்மிடம் ஊறிய நம்பிக்கை. வசம்பால் பேச்சு வரும் என்பதற்குச் சான்று இல்லை. அதிலிருக்கும் அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பாட்டி ஆசையாகக் கொண்டுவருவார், பக்குவமாக மறுத்துவிடுங்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கும் மருந்துகளும் உடலிலிருந்து உலோகம் நீக்கும் சிகிச்சைகளும் இதைவிட ஆபத்தானவை. கோயிலுக்குப் போவதும் வேண்டிக்கொள்வதும் உங்கள் மனத்துக்குத் தெம்பு, அதில் யாரும் குறுக்கே நிற்க வேண்டாம்.

கல்யாண மண்டபத்தில் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கதறுகிறது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவமானத்தில் அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார், அதட்டுகிறார். அடம் என்றால் கேட்டதைக் கொடுத்ததும் நின்றுவிடும், யார் பார்க்கிறார்கள் என்றும் ஓரக்கண்ணால் பார்க்கும். இது அப்படியில்லை. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்கமுடியாமல் போன நிலை, எதைக் கொடுத்தாலும் அந்தக் கணத்தில் நிற்காது. அறிவுரை எதுவும் அப்போது உள்ளே போகாது. பேச்சைக் குறைத்து, வெளியே அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கைகளை உதறினால் உதறட்டும், தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி அது. அடுத்த முறை மண்டபத்தின் படத்தை முன்பே காட்டுங்கள், காதை மூடும் ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள், தாலி கட்டும் நேரத்துக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். "மாமாவுக்குக் கை குடு, ஆன்ட்டிக்கு முத்தம் குடு" என்று தள்ளிவிடாதீர்கள். சொந்தக்காரர்களிடம், "சத்தம் அவனுக்கு ஒத்துக்காது, கொஞ்ச நேரம் வெளிய இருந்துட்டு வரோம்" என்றால் போதும். மேற்கொண்டு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பள்ளியிடம் மறைப்பது இன்னொன்று. முத்திரை விழுந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பெயர் எப்படியும் விழும். "சோம்பேறி", "அடங்காதவன்" என்ற பெயர்களைவிட மருத்துவர் எழுதிய பெயர் எவ்வளவோ நல்லது, அதோடு உதவியும் சேர்ந்து வரும். பள்ளிகளில் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அதிகாரிகள் இருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், நிபுணரின் அறிக்கையும் வேண்டும். தொடக்கநிலை 6-ல் நினைத்துக்கொண்டு ஓடினால் எல்லாம் அவசர கதியில் நடக்கும். சிறப்புப் பள்ளியைப் பரிந்துரைத்தால் கதவு மூடியதாக நினைக்காதீர்கள். 2019 முதல் கட்டாயக் கல்வி இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், பாத்லைட் போன்ற பள்ளியில் தேசியப் பாடத்திட்டமும் படிக்கலாம்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால், சட்டைப் பொத்தான் முதல் காலணி வரை அவரே போட்டுவிடுவார். பாவம், சீக்கிரம் கிளம்ப வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு. கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விடச் சொல்லுங்கள். காலணியை மாட்டிவிட்டு, ஒட்டுப் பட்டையை அழுத்துவது மட்டும் பிள்ளையின் வேலை. முடித்த பெருமை பிள்ளைக்கு. அது பழகியதும் அதற்கு முந்திய படி, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் உங்களுக்கும் ஒரே விதி இருக்கட்டும், ஆளுக்கொன்று என்றால் பிள்ளை தவித்துப்போகும்.

கூடப்பிறந்தவர்களை மறந்துவிடாதீர்கள். "நீ அக்கா, விட்டுக்குடு" என்று கேட்டுக் கேட்டே வளரும் பெண் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் கடைத்தெருவுக்கோ நூலகத்துக்கோ போய்வர வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பயிற்சி நிலையம். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே கைப்பேசியோடு உட்காராதீர்கள். அனுமதித்தால் உள்ளே இருந்து பாருங்கள். பயிற்சியாளர் பிள்ளையோடு இருப்பது வாரத்தில் கொஞ்ச நேரம், மீதியெல்லாம் உங்களோடு. கிளம்பும்போது, "இந்த வாரம் வீட்டுல நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். பத்துப் பயிற்சி கொடுத்தாலும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒன்றைக் குளிக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதோ செய்யுங்கள். அடுத்த வாரம் போகும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொண்டுபோங்கள்.