மின்சார ஸ்கூட்டரில் முதல் நாள்: பழைய கைப்பழக்கத்தை மாற்றும் முறை

பெட்ரோல் ஸ்கூட்டரைப் பத்து வருஷம் ஓட்டியவருக்குத்தான் மின்சார ஸ்கூட்டரில் முதல் நாள் அதிகக் கவனம் வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் எஞ்சின் சத்தம் ஏறும், பிறகுதான் கிளட்ச் பிடிக்கும், அதற்குப் பிறகே சக்கரம் சுழலும். அந்த அரை நொடித் தாமதத்துக்குக் கை பழகியிருக்கும். மின்மோட்டாரில் கிளட்சும் இல்லை, தாமதமும் இல்லை. சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே மோட்டாரின் முழு இழுவிசை கிடைத்துவிடும். பழைய பழக்கத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால் வண்டி முன்னால் பாய்கிறது.

ஷோரூமிலிருந்து மாலை ஆறு மணிப் போக்குவரத்தில் நேராக வீட்டுக்கு ஓட்டி வருவது சரியான தொடக்கம் அல்ல. முடிந்தால் காலையில் வண்டியை எடுங்கள். வீடுகள் இன்னும் எழும்பாத புது லேஅவுட் தெருவோ காலியான மைதானமோ போதும். மணல் இல்லாத தரையாக 50 மீட்டர் நீளம் இருந்தால் நல்லது. புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100 கி.மீ. வரை வளைவுகளில் அதிகம் சாய்க்காதீர்கள்.

கிளம்புமுன் டயர் காற்றைப் பாருங்கள். அளவு சீட்டுக்கு அடியிலோ உடற்பகுதியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். தனியாக ஓட்டுவதற்கு ஓர் அளவும், டபுள்ஸ் போவதற்கு ஓர் அளவும் தந்திருப்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு அடித்த அளவையே இதற்கும் சொல்லி அடித்துவிட வேண்டாம். காற்று குறைந்தால் முதலில் அடிபடுவது மைலேஜ்தான்.

இனி வண்டியில் உட்காருவோம். சைடு ஸ்டாண்டை எடுத்து, பிரேக் லீவரைப் பிடித்தபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் திரையில் 'ரெடி' என்றோ அம்புக்குறியோ வரும். சத்தம் எதுவும் கேட்காது. அந்தக் கணத்திலிருந்து வண்டி உயிரோடு இருக்கிறது. அதைக் காதால் அறிய முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடுமுன் திரையைப் பார்ப்பதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த மாடலாக இருந்தாலும் இழுவை குறைவாக இருக்கும் ஈகோ மோடில்தான் தொடங்க வேண்டும். ஸ்போர்ட் மோடை ஒரு வாரம் மறந்துவிடலாம்.

மணிக்கட்டை எப்படி வைப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதே மணிக்கட்டு சற்றுக் கீழே இறங்கியிருக்கும்படி கைப்பிடியைப் பிடியுங்கள். மணிக்கட்டு மேலே தூக்கிய நிலையில் பிடித்தால், வண்டி திடீரென்று முன்னால் நகரும்போது உடல் பின்பக்கம் சாயும், கை தானாக இழுபடும், அந்த இழுப்பே ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும். பயத்தில் கை இறுகுவதால் விடவும் தோன்றாது. முதலிலேயே மணிக்கட்டு தாழ்ந்திருந்தால் அதற்கு மேல் முறுக்க இடம் குறைவு.

முதல் ஒரு மணி நேரம் இடது கையின் இரண்டு விரல்கள் பிரேக் லீவர் மேலேயே இருக்கட்டும். பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர்களில் லீவரைப் பிடித்தவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். வலது கை தவறு செய்தாலும் இடது கை காப்பாற்றும். கூட்டு பிரேக் உள்ள வண்டிகளில் இடது லீவர் முன்சக்கரத்தையும் சேர்த்தே பிடிக்கும் என்பதால் மெதுவாக அழுத்திப் பழகுங்கள்.

முதலில் இரண்டு கால்களும் தரையைத் தொட்டபடி நடை வேகத்தில் பத்து மீட்டர் போய் நிறுத்துங்கள். இதை ஏழெட்டு முறை செய்யுங்கள். அதன் பிறகு 20 கி.மீ. வேகம், அதற்கும் பிறகு 30. ஒவ்வொரு முறையும் படிப்படியாக அழுத்தி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை நிறுத்தினால் புது பிரேக் பேடும் டிஸ்க்கில் படியத் தொடங்கும், எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்பதும் கைக்குப் புரிந்துவிடும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக வேகம் குறைவதை இப்போது உணர்வீர்கள். அதுதான் ரீஜென். சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, யூ டர்ன் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இழுபட்டு வண்டி தள்ளாடும். திரும்பி முடியும்வரை மெல்லிய, ஒரே சீரான முறுக்கு வேண்டும். பெட்ரோல் வண்டியில் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுத்துத் திரும்பும் உத்தி, லீவர் தொட்டால் மோட்டார் நின்றுவிடும் வண்டிகளில் பலிக்காது. இரண்டாவது, ரீஜெனால் வேகம் குறையும்போது பல வண்டிகளில் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தால் லீவரை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள். மூன்றாவது, பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது வாங்கிக்கொள்ள இடமில்லாததால் ரீஜென் குறையும், சில வண்டிகளில் வேலையே செய்யாது. அதனால் முதல் பயிற்சியை 70, 80 சதவீதச் சார்ஜில் செய்வது நல்லது. அன்று பழகுவதுதான் வண்டியின் இயல்பான நடத்தையாக இருக்கும்.

மேட்டில் நின்று கிளம்புவதைத் தனியாகப் பழகுங்கள். பாலத்து ஏற்றத்திலும் அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவிலும்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிரேக்கை விட்டால்தான் மோட்டார் இழுக்கும். விட்ட கணத்தில் வண்டி பின்னோக்கி நகரும். பதறிப்போய் அதிகம் முறுக்குவார்கள். ஏற்றத்தில் வண்டியைப் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கால்களையும் ஊன்றி, லீவரை விடுவதும் ஆக்சிலேட்டரைத் திறப்பதும் ஒரே அசைவாக வரும்வரை ஒரு சின்ன மேட்டில் பயிற்சி செய்யுங்கள்.

இறங்கும்போது நடக்கும் விபத்துதான் மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. கேட்டைத் திறக்க வண்டியை ஆனில் விட்டு இறங்குவது, ஆனில் வைத்தபடியே தள்ளி நிறுத்துவது, முன்னால் குழந்தையை நிற்கவைப்பது: மூன்றிலும் ஒரு சின்ன முறுக்கு போதும், 110, 120 கிலோ எடையுள்ள வண்டி சுவரில் போய் மோதும். சீட்டை விட்டு எழுமுன் அணைத்துவிடுங்கள். தள்ளுவதானால் அணைத்த பிறகே தள்ளுங்கள். இடுக்கிலிருந்து பின்னால் எடுக்க ரிவர்ஸ் மோடு இருந்தால் உட்கார்ந்தபடியே பயன்படுத்துங்கள்.

உங்களுக்குக் கேட்காத சத்தம் தெருவில் இருப்பவர்களுக்கும் கேட்காது. திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடப்பவரும், தெருநாயும், மாடும் வண்டிச் சத்தத்தை நம்பித்தான் ஒதுங்குகிறார்கள். சந்து முனைகளிலும் நிறுத்தியிருக்கும் பஸ்ஸைத் தாண்டும்போதும் வேகத்தைக் குறைத்து ஒரு சின்ன ஹார்ன் கொடுங்கள்.

சார்ஜ் விஷயத்தில் வீட்டு வயரிங்தான் முக்கியம். 750 வாட் சார்ஜர் ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் மட்டுமே இழுக்கும் என்றாலும், அதை நான்கைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த பிளக் பாயிண்டும் மெல்லிய வயரும் அதில்தான் சூடாகின்றன. தனியாக ஒரு 15 ஆம்பியர் பவர் பிளக், சரியான எர்த், அதற்கென்று ஒரு எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) ஆகியவற்றை வண்டி வருமுன்னரே போட்டுவிடுங்கள். எர்த் இல்லாவிட்டால் சில சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அதற்காகச் சார்ஜரைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் நாள் அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெயிலில் ஓடி வந்த வண்டிக்கு அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுச் சார்ஜ் போடுவது பேட்டரிக்கு நல்லது. 3 கிலோவாட் மணி (அதாவது 3 யூனிட்) பேட்டரியை முழுதாக நிரப்ப மீட்டரில் மூன்றரை யூனிட் வரை ஓடலாம். கூடுதலாக ஓடுவது சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போகும் இழப்பு.

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டரை நம்பிப் பயணம் திட்டமிடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில், வகுத்த வேகத்தில் எடுத்த கணக்கு. திரையில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி செலவாகிறது என்று காட்டினால் அதைப் பாருங்கள். ஊருக்குள் 35, 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போனால் 30 அளவில் இருக்கலாம். நெடுஞ்சாலையில் 65-ஐத் தாண்டினால் 45-ஐத் தொடலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதே காரணம். அதே 3 கிலோவாட் மணி பேட்டரியில் முதல் கணக்குக்கு 90 கி.மீ. வந்தால், இரண்டாவதற்கு 60 தான். 20 சதவீதத்துக்குக் கீழே பல வண்டிகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். லாரிகளுக்கு நடுவே அப்படி நேர்வது ஆபத்து. முதல் மாதம் 30 சதவீதத்தையே 'தீர்ந்தது' என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மழையில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் இறக்குவது வேறு விஷயம். எவ்வளவு ஆழம் வரை என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். வாட்டர் சர்வீஸில் உயர் அழுத்தக் குழாயைச் சார்ஜிங் வாய் பக்கமும் மோட்டார் பக்கமும் நேராகக் காட்டவிடாதீர்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு மலைக்கு ஆசை வரும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற்றம் ஏறத்தாழ 1,200 மீட்டர். வண்டியும் இரண்டு பேருமாக 260 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏறத்தாழ 0.85 கிலோவாட் மணி வேண்டும். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் ஒரு யூனிட். சாலையில் உருள ஆகும் செலவு தனி. இறக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மேலே போய் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் ரீஜென் கைகொடுக்காது, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பேடு மட்டுமே வேலை செய்து சூடாகும். 80 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.